காப்பீட்டு ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்வது எப்படி: புதியவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களில் பலர், இழப்பு நேர்ந்த பிறகுதான் பாலிசியை முதன்முறையாகப் பிரித்துப் படித்திருப்பார்கள். அந்த நேரத்தில் படிப்பதால் பெரும் பயன் இல்லை. கோரிக்கை ஏற்கப்படுமா, எவ்வளவு தொகை கிடைக்கும் என்பவை பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்ட நாளிலேயே முடிவாகிவிடுகின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் அந்த நாளுக்கு முன்பு செய்ய வேண்டியவற்றுக்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது. இங்கே சொல்லப்படும் சட்டக் கோட்பாடுகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் கடல்வணிக வழக்குகளில் உருவாகி, பிறகு உலகின் பல நாடுகளுக்குப் பரவியவை. அடிப்படை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும் காலக்கெடுவும் விதிவிலக்குகளும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், அவற்றை உங்கள் நாட்டுச் சட்டத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: நிறுவனம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆயிரம் வீடுகளுக்கு ஒரு நிறுவனம் தீ விபத்துக் காப்பீடு வழங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கடந்தகாலப் பதிவுகளின்படி ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு வீடுகள் தீப்பிடிக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் சேதமாகிறது. மொத்த இழப்பு 20 லட்சம்; அதை ஆயிரம் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 2,000. இதுதான் தூய பிரீமியம். இதன் மேல் நிர்வாகச் செலவு, முகவர் கமிஷன், எதிர்பாராத ஏற்ற இறக்கத்துக்கான ஒதுக்கீடு, இலாபம் ஆகியவற்றைச் சேர்த்தால் நீங்கள் செலுத்தும் பிரீமியம் வரும்.

ஆனால் சராசரி என்பது ஒவ்வோர் ஆண்டும் அப்படியே நடந்துவிடாது. ஆயிரம் வீடுகள் மட்டுமே உள்ள நிறுவனத்துக்கு ஓர் ஆண்டில் இரண்டுக்குப் பதில் நான்கு வீடுகள் எரிந்தால் அதில் வியப்பேதுமில்லை, ஆனால் அதன் செலவு இரட்டிப்பாகிவிடும். அதே விகிதத்தில் ஒரு லட்சம் வீடுகள் இருந்தால், எதிர்பார்க்கும் 200 தீ விபத்துகள் பெரும்பாலான ஆண்டுகளில் 170 முதல் 230 என்ற எல்லைக்குள் நின்றுவிடும். எண்ணிக்கை பெருகப் பெருக விலகலின் விகிதம் சுருங்கும் என்ற இந்த உண்மையை யாக்கோப் பெர்னூலி கணித வழியில் நிறுவியது 1713இல் வெளியானது. அதற்கு முன்பே, 1693இல், வால்நட்சத்திரத்தால் பெயர்பெற்ற எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு வயதுவாரி இறப்பு அட்டவணை ஒன்றைத் தயாரித்திருந்தார். ஆயுள் காப்பீட்டில் வயதுக்கேற்ப பிரீமியம் விதிக்கும் முறை இத்தகைய அட்டவணைகளிலிருந்தே வளர்ந்தது.

இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால், ஒவ்வொருவரும் தாம் கொண்டுவரும் ஆபத்தின் அளவுக்கேற்பப் பணம் செலுத்த வேண்டும். எல்லாருக்கும் ஒரே பிரீமியம் என்றால் ஆபத்து குறைந்தவர்கள் விலகிக்கொள்வார்கள், ஆபத்து மிகுந்தவர்கள் மட்டுமே எஞ்சுவார்கள், பிரீமியம் உயரும், மீண்டும் சிலர் விலகுவார்கள். ஆபத்தை எடைபோடும் அண்டர்ரைட்டர் எனப்படும் அதிகாரி உங்களிடம் இத்தனை கேள்விகள் கேட்பதற்குக் காரணம் இதுவே. சட்டக் கோட்பாடுகள் பலவற்றின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் படி: காப்பீடு செய்யும் தகுதி உங்களுக்கு உண்டா என்று பாருங்கள்

ஒரு பொருள் அழிந்தால் உங்களுக்குப் பண இழப்பு நேரும், அது நிலைத்திருந்தால் உங்களுக்கு ஆதாயம் என்ற சட்டபூர்வமான தொடர்பு இருந்தால்தான் அதன் மீது நீங்கள் காப்பீடு செய்ய முடியும். இதைக் காப்பீட்டு நலன் என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொடர்பே இல்லாதவர்கள், பிரபலமானவர்களின் உயிர் மீது பந்தயம் கட்டுவதுபோலப் பாலிசி எடுத்து வந்தார்கள். அதைத் தடுக்கவே 1774ஆம் ஆண்டின் ஆயுள் காப்பீட்டுச் சட்டம் வந்தது.

உரிமையாளர், அடமானம் பெற்றுக் கடன் கொடுத்தவர், பொருளைப் பாதுகாக்கும் பொறுப்பேற்ற கிடங்குக்காரர் ஆகியோருக்கு இந்த நலன் உண்டு. தமது உயிரிலும் வாழ்க்கைத் துணையின் உயிரிலும் ஒருவருக்கு நலன் உண்டு. சிக்கல் எழுவது பெயரில்தான். 1925இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த மக்காரா வழக்கு இதற்குக் கண்கூடான சான்று. எஸ்டேட் உரிமையாளர் ஒருவர் தமது மரங்களைத் தாமே ஏறத்தாழ முழுப் பங்குகளையும் வைத்திருந்த நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, காப்பீட்டை மட்டும் தம் பெயரிலேயே எடுத்திருந்தார். மரங்கள் தீயில் அழிந்தன. மரங்களின் உரிமையாளர் நிறுவனமே, பங்குதாரர் அல்லர் என்று கூறி நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை மறுத்துவிட்டது. இன்றும் சொந்தத் தொழில் நடத்துபவர்கள் பலர் நிறுவனத்தின் சொத்துக்குத் தம் பெயரில் பாலிசி எடுத்துவிடுகிறார்கள். பாலிசியில் உள்ள பெயரும் உரிமை ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

சொத்துக் காப்பீட்டில் இழப்பு நேரும் சமயத்தில் இந்த நலன் இருந்தாக வேண்டும். ஆகவே விற்றுவிட்ட வாகனத்தின் பழைய பாலிசி விற்றவருக்கு உதவாது. ஆயுள் காப்பீட்டில் பாலிசி எடுக்கும் சமயத்தில் இருந்தால் போதும்.

மூன்றாம் படி: விண்ணப்பப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

இந்தப் படியில் காட்டும் அக்கறைக்கு ஈடானது வேறெதுவும் இல்லை. காப்பீட்டு ஒப்பந்தம் உச்சபட்ச நம்பிக்கையின் அடிப்படையில் அமைவது என்பது சட்டம். சாதாரண விற்பனையில் வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். காப்பீட்டிலோ உங்கள் உடல்நிலை, வீட்டின் மின்கம்பிகளின் நிலை, முந்தைய விபத்துகள் ஆகியவை உங்களுக்கு மட்டுமே தெரியும். ஆபத்தை ஏற்பதா, எவ்வளவு பிரீமியம் விதிப்பது என்று ஓர் அண்டர்ரைட்டர் முடிவெடுப்பதைப் பாதிக்கக்கூடிய எந்த விவரமும் முக்கிய விவரமே.

இந்தக் கோட்பாட்டை வகுத்தது 1766ஆம் ஆண்டின் கார்ட்டர் எதிர் போம் வழக்கு. சுமத்ரா தீவின் பெங்கூலனில் இருந்த ஆங்கிலேயரின் மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர், கோட்டை அந்நிய நாட்டுப் படையிடம் வீழ்ந்தால் தமக்கு நேரும் இழப்புக்காக இலண்டனில் காப்பீடு எடுத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்துவிட்டனர். கோட்டை பலவீனமானது என்பதை மறைத்துவிட்டார் என்று கூறிக் காப்பீடு அளித்தவர் பணம் தர மறுத்தார். நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு பிரபு, இரு தரப்பும் முழு நேர்மையுடன் நடந்துகொள்ள வேண்டும் என்ற கடமையை விரிவாக எடுத்துரைத்துவிட்டு, ஆளுநருக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தார். இலண்டனில் இருந்தவர்கள் தாமே அறிந்திருக்க வேண்டியவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கக் கூடியவற்றையும் ஆளுநர் சொல்லாததைக் குற்றமாகக் கருத முடியாது என்பது அதன் சாரம். பாலிசிதாரரின் கடமைக்கு ஆதாரமாக ஓயாமல் மேற்கோள் காட்டப்படும் இவ்வழக்கில் தோற்றது காப்பீடு அளித்தவர்தான் என்பதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

பழைய சட்டத்தின்படி ஒரு முக்கிய விவரம் விடுபட்டாலே, அது அறியாமல் நேர்ந்ததாக இருந்தாலும், நிறுவனம் முழு ஒப்பந்தத்தையும் ரத்து செய்துவிடலாம். இந்தக் கடுமை இப்போது பல இடங்களில் தளர்ந்துள்ளது. பிரிட்டனில் 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம், கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்துடன் பதில் தருவதே தனிநபரின் கடமை என்று வரையறுத்தது. கவனக்குறைவால் தவறான பதில் தந்திருந்தால், சரியான பிரீமியத்தில் எத்தனை பங்கு செலுத்தப்பட்டதோ அந்த விகிதத்தில் இழப்பீடு குறைக்கப்படலாம். வேண்டுமென்றே மறைத்திருந்தால் எதுவும் கிடைக்காது. இந்தியாவில் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டால் தவறான தகவல் என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். முகவர் படிவத்தை நிரப்பித் தந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் விரலால் காட்டினால் அதை ஏற்காதீர்கள். "சர்க்கரை நோய் உண்டா?" என்ற கேள்விக்கு எதிரே அவர் "இல்லை" என்று குறித்திருந்தால், கையெழுத்துக்குப் பிறகு அது உங்கள் பதிலாகிவிடும். முகவர் நிறுவனத்தின் சார்பில் செயல்படுபவர், புரோக்கர் உங்கள் சார்பில் செயல்படுபவர் என்பது பொதுவான சட்ட நிலை. ஆனாலும் படிவத்தை நிரப்பும் வேலையில் முகவர் உங்கள் எழுத்தராகவே கருதப்பட்ட தீர்ப்புகள் உண்டு. ஒரு கேள்வி விளங்காவிட்டால் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். சந்தேகமான விவரத்தைச் சொல்லிவிடுவதே நல்லது. அதனால் பிரீமியம் சற்றுக் கூடலாம், ஆனால் பாலிசி உறுதியாக நிற்கும். நிரப்பிய படிவத்தின் நகலைப் பாலிசியுடன் சேர்த்து வையுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பாலிசிகளில் ஒவ்வொரு புதுப்பித்தலும் சட்டப்படி புதிய ஒப்பந்தமாகவே கருதப்படுவதால், இடையில் மாறிய விவரங்களை அப்போது தெரிவிக்க வேண்டும்.

நான்காம் படி: பாலிசியை எந்த வரிசையில் படிப்பது

முதலில் அட்டவணைப் பக்கம்: பெயர், முகவரி, காலம், காப்பீட்டுத் தொகை. அடுத்து, எந்தெந்த நிகழ்வுக்குப் பணம் தரப்படும் என்று கூறும் பகுதி. அதன் பிறகு நேராக விலக்குகளுக்குப் போய்விடுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வந்ததை இங்கே சிறிய எழுத்தில் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பார்கள். போர், அணுக்கதிர் வீச்சு, நாளடைவில் ஏற்படும் தேய்மானம், வேண்டுமென்றே விளைவித்த சேதம் ஆகியவை ஏறக்குறைய எல்லாப் பாலிசிகளிலும் விலக்கப்பட்டிருக்கும். கடைசியாக நிபந்தனைகளும், பாலிசியில் மாற்றம் செய்யப் பின்னர் இணைக்கப்பட்ட எண்டார்ஸ்மென்ட் தாள்களும். எண்டார்ஸ்மென்ட் அச்சிட்ட வாசகத்துக்கு முரண்பட்டால் எண்டார்ஸ்மென்டே செல்லும்.

நிபந்தனைகளில் உத்தரவாத வகையைச் சேர்ந்தவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். கிடங்கில் இரவுக் காவலர் இருப்பார், எச்சரிக்கை மணி இயங்கும் நிலையில் இருக்கும் என்பன போன்றவை அவை. இவற்றை மீறினால், மீறலுக்கும் இழப்புக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் பணம் மறுக்கப்படலாம் என்பது பழைய விதி. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. எல்லா நாடுகளும் மாற்றிவிடவில்லை.

வாசகம் இரு பொருள்படுமாறு இருந்தால், அதை எழுதிய தரப்புக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்பது நீதிமன்றங்கள் பின்பற்றும் விதி. பாலிசியை எழுதுவது நிறுவனம் என்பதால் இது பெரும்பாலும் பாலிசிதாரருக்குச் சாதகமாக அமையும். தெளிவான வாசகத்தை வளைப்பதற்கு இது உதவாது.

ஐந்தாம் படி: தொகையைக் குறைத்துப் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள்

வீட்டின் மதிப்பு 40 லட்சம். பிரீமியத்தைக் குறைக்க 20 லட்சத்துக்கே காப்பீடு செய்கிறீர்கள். தீயில் 10 லட்சம் சேதம். காப்பீட்டுத் தொகைக்குள்தானே இருக்கிறது, முழுவதும் கிடைத்துவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பாலிசியில் சராசரி விதி இருந்தால் கிடைப்பது 5 லட்சம்தான். மதிப்பில் பாதிக்கு மட்டும் காப்பீடு செய்திருப்பதால், மீதிப் பாதிக்கு நீங்களே காப்பீட்டாளர் என்று சட்டம் கருதுகிறது. கட்டடத்துக்குத் தொகை குறிக்கும்போது நிலத்தின் விலையைச் சேர்க்காமல், இன்று இடித்துக் கட்டினால் ஆகும் செலவைக் கணக்கிட வேண்டும். கூடுதலாகக் குறித்தாலும் பயனில்லை, பிரீமியம்தான் வீணாகும்.

ஒவ்வோர் இழப்பிலும் முதல் பகுதியை நீங்களே ஏற்க வேண்டும் என்ற டிடக்டிபிள் பற்றிப் பலர் குறைபடுவதுண்டு. எனக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை. சில்லறைக் கோரிக்கைகளை ஆராய்வதற்கு ஆகும் செலவு சில சமயம் கோரிக்கைத் தொகையையே மிஞ்சிவிடும். அந்தச் செலவு எல்லாருடைய பிரீமியத்திலும் ஏறும். தாங்கக்கூடிய சிறு இழப்பை ஏற்றுக்கொண்டு, தாங்க முடியாத பெரிய இழப்புக்கு முழுத் தொகையில் காப்பீடு எடுப்பதே அறிவுடைமை.

ஆறாம் படி: நிறுவனத்தின் பலத்தைப் பாருங்கள்

பிரீமியம் இன்று வருகிறது. இழப்பீடு பின்னால் போகிறது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பணம் கடன்பத்திரம் முதலியவற்றில் முதலீடு செய்யப்பட்டு வருமானம் ஈட்டுகிறது. இழப்பீடும் செலவும் சேர்ந்து பிரீமிய வருவாயில் எத்தனை விழுக்காடு என்பதை ஒருங்கிணைந்த விகிதம் என்பார்கள். அது 100ஐத் தாண்டினால் காப்பீட்டுத் தொழிலில் மட்டும் பார்த்தால் நட்டம். அப்போதும் முதலீட்டு வருமானத்தால் நிறுவனம் இலாபத்தில் இருக்கலாம். நேர்ந்துவிட்டும் இன்னும் தகவல் வந்து சேராத இழப்புகளுக்குக்கூட, ஆபத்தைக் கணிக்கும் கணித வல்லுநர்களான ஆக்சுவரிகள் மதிப்பிட்டு ஒதுக்கீடு செய்கிறார்கள்.

முதல் படியில் கண்ட கணக்கு, ஒரு வீடு எரிவதற்கும் மற்றொன்று எரிவதற்கும் தொடர்பில்லை என்ற அனுமானத்தில் நிற்பது. நிலநடுக்கமும் வெள்ளமும் அந்த அனுமானத்தையே உடைத்துவிடும். அதற்காகவே நிறுவனங்கள் தாம் ஏற்ற ஆபத்தில் ஒரு பகுதியை வேறொரு நிறுவனத்திடம் மறுகாப்பீடு செய்கின்றன. 1861இல் சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் நகரம் தீக்கிரையானபோது இந்த ஏற்பாட்டின் போதாமை வெளிப்பட்டது. 1863இல் சுவிஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம் தோன்ற அதுவே தூண்டுதல். 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் உள்ள விதிகள், 200 ஆண்டுகளில் ஒருமுறை நேரக்கூடிய அளவு மோசமான ஆண்டையும் தாங்கும் மூலதனத்தை வைத்திருக்குமாறு நிறுவனங்களைப் பணிக்கின்றன. கையிருப்பு மூலதனம் தேவையான அளவுக்கு எத்தனை மடங்கு என்று காட்டும் கடனடைப்புத் திறன் விகிதமும் கோரிக்கைகளைத் தீர்த்த விவரமும் பல நாடுகளில் பொதுவெளியில் வெளியிடப்படுகின்றன. பிரீமியத்தை ஒப்பிடும்போது அவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: இழப்பு நேர்ந்தால்

உடனே தகவல் கொடுங்கள். காலக்கெடு பாலிசியில் இருக்கும். காப்பீடே இல்லாத ஒருவர் தம் பொருளைக் காக்க என்னென்ன செய்வாரோ அவற்றைச் செய்ய வேண்டியது உங்கள் கடமை. கூரை பெயர்ந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். அதற்குமுன் படம் எடுத்துவிடுங்கள். சேதமான பொருள்களை, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை அப்புறப்படுத்த வேண்டாம். மற்றவருக்குச் சேதம் நேர்ந்த விபத்தானால், நிறுவனத்தைக் கேட்காமல் தவறை ஒப்புக்கொள்வதோ சமரசம் செய்துகொள்வதோ கூடாது.

அடுத்து எழுவது, இழப்புக்குக் காரணம் எது என்ற கேள்வி. பல காரணங்கள் சங்கிலியாக வந்தால், காலத்தால் கடைசியாக வந்ததைப் பார்க்காமல், விளைவை உண்டாக்கியதில் ஆற்றல் மிக்கது எதுவோ அதையே அண்மைக் காரணமாகச் சட்டம் கொள்கிறது. முதல் உலகப் போரில், 1915 சனவரியில், இக்காரியா என்ற கப்பல் டார்பிடோவால் தாக்கப்பட்டு, பெரிய துளையுடன் பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்தை எட்டியது. அங்கே புயல் வீசியது. கப்பல் துறைச்சுவரில் மோதிக்கொண்டே இருந்தது. மூழ்கித் துறையை அடைத்துவிடும் என்று அஞ்சிய அதிகாரிகள் அதை அலைதடுப்புச் சுவருக்கு அருகே மாற்றினார்கள். அங்கே ஒவ்வொரு நீர்வற்றத்திலும் தரைதட்டி, ஏற்றத்தில் மிதந்து, இறுதியில் உடைந்து மூழ்கியது. பாலிசி கடல் ஆபத்துகளை ஏற்றுப் போர்ச் செயல்களை விலக்கியிருந்தது. மூழ்கடித்தது கடல்தான் என்று உரிமையாளர்கள் வாதிட்டார்கள். டார்பிடோவின் பிடியிலிருந்து கப்பல் ஒருபோதும் மீளவில்லை, ஆகவே அதுவே காரணம் என்று 1918இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது, இழப்பீடு கிடைக்கவில்லை. உங்கள் கோரிக்கையில் நிகழ்வுகளைக் கால வரிசைப்படி, யூகங்களைக் கலக்காமல் எழுத வேண்டியதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

எட்டாம் படி: கிடைக்கும் தொகையைச் சரிபார்த்தல்

இழப்புக்கு முன் இருந்த பொருளாதார நிலைக்கு உங்களைக் கொண்டுவருவதே சொத்துக் காப்பீட்டின் நோக்கம். அதற்கு மேல் ஒரு காசும் இல்லை. இது ஈட்டுறுதிக் கோட்பாடு. ஐந்து ஆண்டுகள் பயன்படுத்திய இயந்திரத்துக்குத் தேய்மானம் கழித்தே தருவார்கள். புதிய பொருளின் விலையையே தருவதாகப் பாலிசியில் இருந்தால் மட்டுமே முழு விலை கிடைக்கும். மருத்துவச் செலவைத் திருப்பித் தரும் பாலிசியும் இந்த வகைதான். உயிருக்கு விலை கணக்கிட முடியாது என்பதால் ஆயுள் காப்பீடு இதற்குள் வராது; எத்தனை பாலிசிகள் இருந்தாலும் ஒவ்வொன்றும் முழுத் தொகையைத் தரும்.

ஈட்டுறுதியிலிருந்து இரண்டு விதிகள் கிளைக்கின்றன. ஒரே சொத்துக்கு 30 லட்சத்துக்கும் 60 லட்சத்துக்கும் இரு நிறுவனங்களில் பாலிசி இருந்து 9 லட்சம் இழப்பு நேர்ந்தால், அவை 3 லட்சமும் 6 லட்சமுமாகப் பங்கிட்டுக்கொள்ளும். உங்களுக்கு 18 லட்சம் வராது. மற்றொன்று, இழப்பீடு தந்த நிறுவனம் உங்கள் இடத்தில் நின்று, சேதம் விளைவித்தவரிடம் அதை வசூலிக்கும் உரிமை. 1883இல் தீர்ப்பான காஸ்டெல்லெய்ன் வழக்கில், விற்பனை ஒப்பந்தம் முடிந்த வீடு கைமாறுவதற்குள் தீப்பிடித்தது. விற்றவர் காப்பீட்டுப் பணத்தையும் பெற்று, வாங்குபவரிடம் முழு விலையையும் பெற்றுக்கொண்டார். காப்பீட்டுப் பணத்தைத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. இடித்த வாகனக்காரரிடம் "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால், நிறுவனத்தின் இந்த உரிமையைக் கெடுத்ததாகக் கூறி உங்கள் கோரிக்கையையும் மறுக்க இடமுண்டு.

மறுப்புக் கடிதம் வந்தால், எந்த விதியின் எந்த வாசகத்தின்படி என்று எழுத்து மூலம் கேளுங்கள். பாலிசியில் சொன்ன நிகழ்வு நடந்தது என்று நிறுவ வேண்டியது நீங்கள். விலக்கு பொருந்தும் என்று நிறுவ வேண்டியது நிறுவனம். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள மதிப்பீட்டை உங்கள் ரசீதுகளுடன் ஒப்பிட்டு, நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு முதலில் எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் உங்கள் நாட்டில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமோ நீதிமன்றத்திடமோ போகலாம். பகுதித் தொகையைத் தர முன்வந்து, "முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்ற ரசீதில் கையெழுத்துக் கேட்டால், மீதித் தொகைக்கான கோரிக்கை அந்தக் கையெழுத்துடன் முடிந்துவிடக்கூடும் என்பதால், ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்வதாகத் தனியே எழுதி அனுப்பி, அதன் நகலையும் அனுப்பியதற்கான சான்றையும் வைத்துக்கொண்ட பிறகே பணத்தைப் பெறுங்கள்.